மார்க்கத் தீர்ப்பு எவ்வாறு பிறக்கிறது?



பள்ளிவாசலின் ஹவுளுக் கரையில் இருவர் அருகருகே அமர்ந்து ஒளுச் செய்கின்றனர். ஒருவர் ஈரக் கையால் முன்தலையில் சிறிதளவு தடவிவிட்டுக் கால்களைக் கழுவத் தொடங்குகிறார். மற்றவர் இரு கைகளையும் நெற்றியிலிருந்து பிடரி வரை கொண்டு சென்று மீண்டும் முன்னே கொண்டு வருகிறார். பின்னர் இருவரும் ஒரே இமாமின் பின்னால் ஒரே அணியில் நின்று தொழுகின்றனர். இதனைக் கண்ட சிறுவன் ஒருவன், “இவ்விருவரில் யார் செய்தது சரி?” என்று தன் தந்தையிடம் கேட்டால், அவர் என்ன விடை சொல்வார்? “ஒருவர் ஷாஃபிஈ, மற்றவர் ஹனஃபி” என்று சொல்லி முடித்துவிடுவோரே நம்மில் அதிகம். அது பெயரைச் சொன்னதாகுமேயன்றிக் காரணத்தைச் சொன்னதாகாது.

அந்தக் காரணத்தைச் சொல்லித் தருவதற்கென்றே ஒரு கலை உண்டு. அதற்கு ‘உஸூலுல் ஃபிக்ஹு’ என்று பெயர். ‘ஃபிக்ஹு’ என்றால் விளங்கிக்கொள்ளுதல். மார்க்கச் சட்டங்களைக் குறிக்கும் சொல்லாக அது நிலைபெற்றது. ‘உஸூல்’ என்றால் வேர்கள், அடிப்படைகள். இறைவனின் மறையிலிருந்தும் அவன் தூதரின் வழிமுறையிலிருந்தும் ஒரு சட்டம் எவ்வழியாக எடுக்கப்படுகிறது, அவ்வாறு எடுப்பதற்குரிய ஒழுங்குகள் யாவை, எடுப்பவருக்கு இருக்க வேண்டிய தகுதி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கலை.

இஃது ஆலிம்களுக்கு மட்டும் உரியது, நமக்கேன் என்று எண்ணிவிடாதீர்கள். இன்று கைப்பேசியில் வரும் ஒற்றை வரிச் செய்தியைப் படித்துவிட்டு, ஐம்பதாண்டுக் காலம் தொழுது வந்த பாட்டனாரிடம் ‘உங்கள் தொழுகையே செல்லாது’ என்று பேரன் கூறும் நிலையைக் காண்கிறோம். அதனால் ஒரே வீட்டில் மனத்தாங்கல். ஒரே மஹல்லாவில் இரு கட்சி. ஒரு தீர்ப்பு எவ்வழியே பிறந்தது என்பதை ஓரளவேனும் அறிந்தவர் நாவிலிருந்து அத்தகைய சொல் எளிதில் வெளிப்படாது.

ஓர் எழுத்தில் பிறந்த மூன்று முடிவுகள்

ஒளுவைப் பற்றிக் கூறும் திருமறை வசனம் (5:6) முகத்தையும் கைகளையும் கழுவுமாறும், தலையைத் தடவுமாறும் பணிக்கிறது. அவ்விடத்தில் ‘தலைகள்’ என்னும் சொல்லுக்கு முன்னே ‘பா’ என்னும் ஓர் எழுத்து வந்துள்ளது. அந்த எழுத்து அங்கே என்ன பொருளைத் தருகிறது?

‘ஒன்றின் ஒரு பகுதி’ என்னும் பொருளைத் தருகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் விளக்கம். எனவே, தலையில் சில முடிகளைத் தடவினாலும் கடமை நிறைவேறிவிடும் என்றனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ, அந்த எழுத்து சொல்லை வலுப்படுத்தவே வந்தது. வசனம் தலை என்றே கூறுவதால் தலை முழுவதையும் தடவ வேண்டும் என்றார்கள். அளவு இவ்வளவு என்று வசனம் தெளிவுபடுத்தாததால், பெருமானார் (ஸல்) அவர்களின் செயலிலிருந்தே அதனை அறிய வேண்டும் என்பது ஹனஃபி அறிஞர்களின் வழி. நபியவர்கள் முன்தலையளவு தடவியதாக முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸைக் கொண்டு, தலையில் நான்கில் ஒரு பங்கு கடமை என்று அவர்கள் முடிவு செய்தனர்.

முழுத் தலையையும் தடவுவது சிறப்பு என்பதில் இவர்களுக்குள் பிணக்கில்லை. குறைந்தது எவ்வளவு தடவினால் கடமை நீங்கும் என்பதிலேதான் வேறுபாடு. மூவரும் ஒரே வசனத்தைத்தான் ஓதினர். எவரும் தம் விருப்பத்தை வசனத்தின் மேல் ஏற்றவில்லை. ஒருவர் மொழி இலக்கணத்தை முன்வைத்தார். ஒருவர் சொல்லின் முழுமையை முன்வைத்தார். ஒருவர் நபிவழியை விளக்கவுரையாகக் கொண்டார். வழிகள் வேறுபட்டதால் முடிவுகள் வேறுபட்டன.

பெருமானார் திருமுன்னிலையிலேயே

இத்தகைய வேறுபாடு பிற்காலத்தில் தோன்றிய பிணக்கு என்று நினைப்பவர் உண்டு. உண்மை அதுவன்று. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப்போர் முடிந்தவுடன், பனூ குறைளா குலத்தார் வாழ்ந்த பகுதியைச் சென்றடைந்த பின்னரே அஸர் தொழ வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குப் பணித்தார்கள். வழியிலேயே அஸர் நேரம் வந்துவிட்டது. ‘சொல் சொல்தான், அங்கே சென்றுதான் தொழுவோம்’ என்றனர் ஒரு சாரார். ‘விரைந்து செல்ல வேண்டும் என்பதே நபியவர்களின் கருத்து, தொழுகையைத் தாமதப்படுத்துவதன்று’ என்று கூறி வழியிலேயே தொழுதனர் மறு சாரார். செய்தி நபியவர்களிடம் சென்றபோது இரு சாராரில் எவரையும் அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்கள் இரண்டிலும் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

சொல்லின் வெளிப்படையான பொருளைப் பற்றி நிற்பது, சொல்லின் நோக்கத்தைப் பற்றி நிற்பது என்னும் இரு நெறிகளும் அன்றே தோன்றிவிட்டன. இரண்டும் கீழ்ப்படிதலின் வடிவங்களே. இரண்டிலும் மீறுதல் இல்லை.

கலைக்கு வரம்பு வகுத்த இமாம்

தோழர்கள் பல நாடுகளுக்குப் பரவினர். அவர்களின் மாணவர் வழியே அறிவும் பரவியது. இராக்கிலுள்ள கூஃபா நகரில் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 80–150, கி.பி. 699–767) வாழ்ந்தார்கள். பல இனத்தாரும் கலந்து வாழ்ந்த வாணிப நாடு அது. நாள்தோறும் புதுப்புதுச் சிக்கல்கள் எழுந்தன. இட்டுக்கட்டப்பட்ட செய்திகளும் அங்கே உலவியதால், ஹதீஸ்களை ஏற்பதில் அவர்கள் மிகுந்த எச்சரிக்கையைக் கையாண்டார்கள். ஆய்ந்து ஒப்பிடும் முறை அங்கே ஓங்கி வளர்ந்தது. மதீனாவிலோ இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 93–179, கி.பி. 711–795) ‘முவத்தா’ நூலை அருளினார்கள். நபியவர்கள் வாழ்ந்த மண்ணின் மக்கள் வழிவழியாகச் செய்துவரும் செயலே ஒரு சான்று என்பது அவர்களின் நெறி.

இவ்விரு நெறிகளையும் நேரில் கற்றவர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள். இமாம் அபூ ஹனீஃபா அவர்கள் மறைந்த அதே ஹிஜ்ரி 150ஆம் ஆண்டில் காஸாவில் பிறந்தார்கள். தந்தையை இழந்த அக்குழந்தையைத் தாயார் மக்காவிற்கு அழைத்து வந்து வறுமையிலே வளர்த்தார்கள். பின்னர் மதீனா சென்று இமாம் மாலிக் அவர்களிடம் பயின்றார்கள்; பக்தாதில் இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவரான முஹம்மது பின் ஹஸன் ஷைபானி (ரஹ்) அவர்களிடமும் பயின்றார்கள்.

பஸராவைச் சேர்ந்த ஹதீஸ் வல்லுநர் அப்துர் ரஹ்மான் பின் மஹ்தீ (ரஹ்) அவர்கள், திருமறையை விளங்கும் முறையையும் ஹதீஸ்களை ஏற்கும் முறையையும் விளக்கி எழுதித் தருமாறு இமாம் ஷாஃபிஈ அவர்களை வேண்டினார்கள். அதற்கு விடையாகப் பிறந்ததே ‘அர்ரிஸாலா’. எகிப்து சென்ற பின் அதனை மீண்டும் எழுதிச் செப்பம் செய்தார்கள். மாணவர் ரபீஉ (ரஹ்) வழியாக இன்று நம் கையில் இருப்பது அந்த எகிப்துப் படியே. இக்கலையில் நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அதுவென்று அறிஞர்கள் பொதுவாகக் கருதுகின்றனர். ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) எகிப்திலேயே இமாமவர்கள் மறைந்தார்கள்.

அதன்பின் இக்கலை பெருகி வளர்ந்தது. இமாமுல் ஹரமைன் (ரஹ்) அவர்களின் (மறைவு ஹிஜ்ரி 478) சிறு நூலான ‘அல்வரகாத்’, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் (மறைவு ஹிஜ்ரி 505) ‘அல்முஸ்தஸ்ஃபா’, அவுரங்கசீபின் ஆசிரியராகவும் விளங்கிய நம் நாட்டறிஞர் முல்லா ஜீவன் (ரஹ்) அவர்களின் (மறைவு ஹிஜ்ரி 1130) ‘நூருல் அன்வார்’ ஆகியவை புகழ் பெற்றவை. நம் மதரஸா மாணவர்கள் இரவு விழித்துப் பாடம் பார்க்கும் நூல்களுள் இத்தகையவும் அடங்கும்.

நான்கு மூலங்கள்

சட்டம் பிறக்கும் மூலங்கள் நான்கு என்பதில் நான்கு மத்ஹபினரும் ஒன்றுபடுகின்றனர்.

முதலாவது திருக்குர்ஆன். அதிலும் பொதுவான சொல் எது, குறிப்பான சொல் எது, ஏவல் எவ்விடத்தில் கட்டாயத்தைக் காட்டும், எவ்விடத்தில் அனுமதியை மட்டும் காட்டும், முந்திய சட்டம் எது, அதனை மாற்றிய பிந்திய சட்டம் எது என்பவற்றையெல்லாம் அறிந்தாக வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு சட்டம் எடுக்க முயல்வோர் தடுமாறுவது இவ்விடத்திலேதான்.

இரண்டாவது நபிகளாரின் ஸுன்னத். அவர்களின் சொல், செயல், பிறர் செய்ததைத் தடுக்காது ஏற்ற அங்கீகாரம் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். ஒரு ஹதீஸ் ஓர் இமாமிடம் உறுதியான வழியில் வந்திருக்கும். மற்றோர் இமாமிடம் வலுவற்ற வழியில் வந்திருக்கும். தீர்ப்பு வேறுபட இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது இஜ்மாஉ, அதாவது ஒரு காலத்துத் தகுதி பெற்ற சட்ட அறிஞர் அனைவரும் ஒரு முடிவில் ஒன்றுபடுதல்.

நான்காவது கியாஸ். நேரடிச் சட்டம் வராத ஒன்றை, சட்டம் வந்துள்ள மற்றொன்றோடு அவ்விரண்டுக்கும் பொதுவான காரணத்தைக் கொண்டு ஒப்பிடுதல்.

முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, எதைக் கொண்டு தீர்ப்பளிப்பீர் என்று நபியவர்கள் வினவினார்கள். இறைமறையைக் கொண்டு என்றும், அதில் காணாவிடில் நபிவழியைக் கொண்டு என்றும், அதிலும் காணாவிடில் தம் ஆய்வறிவை முயன்று செலுத்துவேன் என்றும் முஆத் அவர்கள் விடை கூற, நபியவர்கள் மகிழ்ந்தார்கள் என்று அபூதாவூத், திர்மிதி நூல்கள் அறிவிக்கின்றன. இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் வல்லுநரிடையே வாதம் உண்டெனினும், சட்ட அறிஞர் பலர் இதனை வழிகாட்டியாக ஏற்றுள்ளனர். இதிலுள்ள வரிசையை நோக்குங்கள். அறிவு மூன்றாம் இடத்தில் நிற்கிறது, முதலிடத்தில் அன்று. ஆயினும் அதற்கும் ஓர் இடம் உண்டு.

கியாஸ் மனம்போன போக்கன்று

 வெள்ளிக்கிழமைக்குரிய சட்டத்தையே சான்றாக எடுத்துக்கொள்வோம். ஜும்ஆவிற்கு அழைப்பு விடுக்கப்பட்டால் வணிகத்தை விட்டுவிட்டு விரைந்து வருமாறு திருமறை (62:9) பணிக்கிறது. வசனம் வணிகத்தைத்தான் கூறுகிறது. அப்படியாயின் தறி நெய்பவர் நெய்துகொண்டிருக்கலாமா? ஏர் உழுபவர் உழுதுகொண்டிருக்கலாமா? ஆகாது. வணிகம் தடுக்கப்பட்டதற்குக் காரணம், அது தொழுகையிலிருந்து மனிதனைத் திருப்பிவிடுகிறது என்பதே. அதே காரணம் தறியிலும் ஏரிலும் இருப்பதால் அதே சட்டம் அவற்றுக்கும் வரும்.

இதில் நான்கு உறுப்புகள் உள்ளன. வணிகம் மூலம், உழவும் நெசவும் கிளை, தடை என்பது சட்டம், தொழுகையைத் தவறவிடச் செய்தல் என்பது காரணம். இக்காரணத்தை ‘இல்லத்’ என்பர். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் கியாஸ் நிற்காது.

காரணம் என்று நாம் நினைப்பதெல்லாம் காரணமாகிவிடாது. பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்குகிறது. ‘அலைச்சலுக்காகத்தானே இச்சலுகை? இன்று குளிரூட்டிய ரயில் பெட்டியில் படுத்துக்கொண்டே செல்கிறோமே, இன்னும் ஏன் சுருக்க வேண்டும்?’ என்று சிலர் வினவுகின்றனர். அவ்வாறாயின், உள்ளூரிலேயே நாள் முழுதும் மூட்டை சுமப்பவருக்குத் தொழுகையைச் சுருக்கித் தர வேண்டிவரும். அலைச்சல் ஆளுக்கு ஆள் மாறுவது, அளக்க முடியாதது. பயணமோ வெளிப்படையானது; வரையறுக்கத் தக்கது. எனவே சட்டம் பயணத்தோடு கட்டப்பட்டது, அலைச்சலோடு கட்டப்படவில்லை. அலைச்சலைப் போக்குவது அச்சட்டத்தின் நன்மை. பயணமே அதன் காரணம். நன்மைக்கும் காரணத்துக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அறியாமல் ‘என் அறிவுக்கு இப்படித் தோன்றுகிறது’ என்று சட்டம் பேசுவது பெரும் துணிச்சல்.

கியாஸுக்கு அப்பால் சென்ற இடங்களும் உண்டு. தச்சரிடம் கட்டில் செய்யச் சொல்லி முன்பணம் தருகிறோம். கட்டில் இன்னும் உருவாகவில்லை. இல்லாத பொருளை விற்பது செல்லாது என்பதே பொது விதி. ஆயினும் மக்களிடையே மறுப்பின்றி வழங்கிவரும் இம்முறையை ஹனஃபி அறிஞர்கள் ‘இஸ்திஹ்ஸான்’ என்னும் நெறியால் அனுமதித்தனர். இமாம் ஷாஃபிஈ அவர்கள் இந்நெறியை ஏற்கவில்லை. விருப்பத்தைச் சட்டமாக்கும் வாயில் திறந்துவிடும் என்று அஞ்சினார்கள். மக்களின் இடரை நீக்க வேண்டும் என்பது ஒருவர் கவலை. மார்க்கத்தின் எல்லையைக் காக்க வேண்டும் என்பது மற்றவர் கவலை. இரண்டும் நமக்கு வேண்டியனவே.

பணத்தாளுக்கு ஜகாத் உண்டா?

இக்கலை ஏட்டோடு நின்றுவிட்டதன்று. நம் வீட்டுப் பெட்டிக்குள்ளும் அது இருக்கிறது. ஜகாத்தின் அளவாக நபியவர்கள் குறித்தவை வெள்ளியும் பொன்னும்: 200 திர்ஹம், 20 தீனார். காகிதப் பணம் பிற்காலத்தில் வந்தது. அதன் தொடக்க காலத்தில், ‘இது பணமன்று, பணம் தருவதாக எழுதிய கடன் சீட்டு’ என்று அறிஞர் சிலர் கருதினர். கடன் சீட்டுக்குரிய சட்டங்களையே அதற்கும் கூறினர். நாளடைவில் பொன்னும் வெள்ளியும் கடைவீதியிலிருந்து மறைந்து, தாளே விலையின் அளவாயிற்று. பொன்னுக்கும் வெள்ளிக்கும் இச்சட்டம் வந்ததற்கு, அவை பொருள்களின் விலையாக விளங்கியதே காரணம். அக்காரணம் தாளிலும் வந்துவிட்டது என்று ஆய்ந்து கூறினர். ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1986ஆம் ஆண்டு அம்மான் நகரில் கூடியபோது, காகிதப் பணமும் பணமே. ஜகாத், வட்டி முதலிய சட்டங்கள் அதற்கும் உண்டு என்று தீர்மானித்தது.

இம்முறை மட்டும் இல்லாதிருந்தால், பெட்டி நிறையப் பணத்தாள் வைத்திருப்பவர் ‘என்னிடம் பொன்னுமில்லை, வெள்ளியுமில்லை’ என்று கூறி ஏழையின் உரிமையிலிருந்து நழுவியிருப்பார்.

ஒரு சொல், இரு பொருள்

தீர்ப்பின் வேறுபாடு ஒரு குடும்பத்தின் வாழ்வையே தொடும் இடமும் உண்டு. தலாக் சொல்லப்பட்ட பெண் மூன்று ‘குரூஉ’ காலம் இத்தா இருக்க வேண்டும் என்கிறது திருமறை (2:228). அரபு மொழியில் அச்சொல்லுக்கு மாதவிடாய் என்றும் பொருள் உண்டு. தூய்மைக் காலம் என்றும் பொருள் உண்டு. மாதவிடாய் என்பது உமர், அலீ, இப்னு மஸ்ஊத் (ரலி) ஆகியோரின் கூற்று. ஹனஃபி மத்ஹப் இதனை ஏற்றது. மூன்று என்ற எண் முழுமை பெற வேண்டுமாயின் இப்பொருளே பொருந்தும் என்பது அவர்களின் வாதம். தூய்மைக் காலம் என்பது ஆயிஷா, ஸைத் பின் ஸாபித், இப்னு உமர் (ரலி) ஆகியோரின் கூற்று. ஷாஃபிஈ மத்ஹப் இதனை ஏற்றது. இத்தாவுக்குரிய காலத்தில் தலாக் சொல்லுமாறு மற்றொரு வசனம் (65:1) கூறுவதும், தலாக்கைத் தூய்மைக் காலத்தில் சொல்வதே நபிவழி என்பதும் அவர்களின் சான்று.

விளைவைப் பாருங்கள். தூய்மைக் காலத்தில், மீட்டுக்கொள்ளத் தக்க தலாக்கைச் சொன்ன கணவன், மனைவியின் மூன்றாம் மாதவிடாய் நாட்களில் மனம் திருந்தி அவளை மீட்டுக்கொள்கிறான். ஹனஃபி சட்டப்படி இத்தா முடியவில்லை, மணம் நீடிக்கிறது. ஷாஃபிஈ சட்டப்படி மூன்றாம் மாதவிடாய் தொடங்கியபோதே இத்தா முடிந்துவிட்டது. புதிதாக நிகாஹ் செய்தாக வேண்டும். கடற்கரை ஊர்களான காயல்பட்டினம், கீழக்கரை போன்றவற்றில் ஷாஃபிஈ மத்ஹபினர் பெருமளவில் வாழ்கின்றனர். உள்நாட்டு ஊர்களிலோ ஹனஃபி மத்ஹபினர் மிகுதி. இரு பகுதியினருக்கும் இடையே மண உறவும் உண்டு. இத்தகைய சிக்கல் ஒரு வீட்டில் எழுமாயின், மத்ஹபையும் நாளையும் நிகழ்ந்தவற்றையும் பொறுமையாகக் கேட்டறிந்து விடை கூறும் ஆலிம் வேண்டும். யாரோ ஒருவர் யாருக்கோ சொன்ன விடையைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு ஒரு பெண்ணின் வாழ்வை முடிவு செய்யலாகாது.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

தம் ‘முவத்தா’வை நாடெங்கும் அனுப்பி, மக்கள் அனைவரையும் அதன்படியே நடக்கச் செய்யலாம் என்று கலீஃபா அபூ ஜஃபர் மன்ஸூர் விரும்பியபோது, இமாம் மாலிக் அவர்கள் அதற்கு இசையவில்லை என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தோழர்கள் பல நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். அந்தந்த நாட்டாரிடம் அவரவர் பெற்ற அறிவு உள்ளது. அவர்களை விட்டுவிடுங்கள் என்பதே அவர்கள் கூறியதன் கருத்து. ஆட்சியின் வலிமை தம் நூலுக்குக் கிடைக்கவிருந்த வேளையில் அதனை மறுத்த உள்ளம் எத்தகையது! அதே இமாமிடம் பல கேள்விகள் கேட்கப்பட்டபோது, அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ‘எனக்குத் தெரியாது’ என்றே விடை கூறியதாகவும் செய்தி உண்டு.

இமாம் ஷாஃபிஈ அவர்கள் பஜ்ருத் தொழுகையில் குனூத் ஓதுவதை வலியுறுத்தியவர்கள். எனினும் இமாம் அபூ ஹனீஃபா அவர்கள் அடங்கியுள்ள இடத்திற்கருகில் தொழுதபோது, அவர்களுக்குக் காட்டும் மரியாதையாகக் குனூத்தை விட்டுவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது.

எனவே, அன்பர்களே, மூன்று செய்திகளை மனத்தில் இருத்துவோம். அறியாதவற்றை அறிந்தோரிடம் கேட்குமாறு திருமறை (16:43) பணிக்கிறது, ஆகவே கேட்போம். ‘இதற்குச் சான்று யாது?’ என்று அடக்கத்தோடு வினவுவதும் தவறன்று. அது நம் அறிவை வளர்க்கும். இரண்டாவதாக, எந்த மத்ஹபில் எது எளிதோ அதனை மட்டும் பொறுக்கி எடுத்து நம் விருப்பத்துக்கு மார்க்கத்தை வளைக்காதிருப்போம். மூன்றாவதாக, சான்றோடும் முறையோடும் பிறந்த ஒரு தீர்ப்பைப் பின்பற்றும் சகோதரரை, நம் தீர்ப்பு வேறு என்பதற்காக இழிவாகப் பேசாதிருப்போம்.

உங்கள் பிள்ளை நாளை உங்களிடம், ‘நாம் ஏன் இப்படித் தொழுகிறோம்? அவர்கள் ஏன் அப்படித் தொழுகிறார்கள்?’ என்று கேட்கும். ‘அவர்கள் அறியாதவர்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘அவர்களும் அதே வேதத்தைத்தான் ஓதினார்கள், அதே நபியைத்தான் பின்பற்றினார்கள், அவர்களின் இமாமும் இராப்பகலாக ஆய்ந்துதான் இதைக் கூறினார்கள்’ என்று சொல்லுங்கள்.

வல்ல இறைவன் நமக்கு மார்க்கத்தில் நல்ல விளக்கத்தையும், கருத்து வேறுபாட்டிலும் கண்ணியம் காக்கும் பண்பையும் அருள்வானாக! ஆமீன்.